சவுடுப் பள்ளத்தில் ஒரு செங்குத்து ஏற்றம்

வெள்ளி, கொடுங்கையூர்

வடசென்னையில் மலை இல்லை. ராயபுரத்திலிருந்து மணலி வரை எங்கே நின்று பார்த்தாலும் உயரமாகத் தெரிவது மேம்பாலமும் புகைபோக்கியும்தான். அதனால் இந்தப் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் லீவு கிடைத்தால் ஏலகிரி, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்கள் எண்ணூருக்கு வடக்கே கடற்கரை மணலில் வண்டியை இறக்குகிறார்கள். அதை மட்டும் நான் செய்ய மாட்டேன். தை, மாசி, பங்குனியில் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. டயர் ஏறிய மணல் இறுகிப்போகும். பொரித்து வெளியே வரும் குஞ்சு சக்கரத் தடத்துக்குள் விழுந்தால் ஏறி வெளியே வரத் தெரியாமல் தடத்தோடேயே போய்க்கொண்டிருக்கும், கடலுக்குப் போய்ச் சேராது. மற்ற மாதங்களில் அங்கே வலை காயவைக்கிறார்கள், படகு இழுக்கிறார்கள். அது அவர்கள் பிழைக்கிற இடம்.

நாங்கள் போகப்போவது ஒரு பழைய சவுடுப் பள்ளத்துக்கு. சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில் காரனோடை தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் இடது பக்கம் பெரியபாளையம் சாலையில் திரும்பி, கொஞ்ச தூரத்தில் வயல் வழியாக உள்ளே போகவேண்டும். செம்மண் கிராவல் அள்ளி முடித்துப் பல வருடமாகச் சும்மா கிடக்கும் தனியார் நிலம். ஒரு பக்கம் டிப்பர் லாரிகள் ஏறி இறங்கிய சாய்வான பாதை இருக்கிறது. அதற்கு நேர் எதிரில், பள்ளத்தின் அடியிலிருந்து கரை மேல் வரை இன்னொரு தடம் போகிறது. நீளம் நூறடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், உயரம் முப்பதடி. சின்னத் தடம்தான். ஆனால் நம் ஊர் மலைச்சாலைகளே நூறடிக்கு ஐந்து, ஆறு அடி ஏறும்படிதான் போடப்படுகின்றன. அதோடு வைத்துப் பார்த்தால் இது என்னவென்று புரியும்.

நிலத்துக்காரப் பெரியவர் என் சித்தப்பாவின் பழைய சிநேகிதர். சித்தப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். துறைமுகத்து ஜீரோ கேட்டிலும் மணலி எம்.எஃப்.எல். சிக்னலிலும் கன்டெய்னரோடு இரவு முழுக்க வரிசையில் நின்று பழகியவர். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் முதுகில் இருக்கும் எடை என்ன செய்யும் என்பது அவருக்கு உடம்பிலேயே தெரியும். அதனால்தான் எனக்கு அவரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்று ஆடி வெள்ளி. ஷெட்டில் காலையிலேயே பூஜை முடித்துவிட்டு மெக்கானிக் அண்ணன் என் வண்டியை ஷெட்டின் சர்வீஸ் குழிக்கு மேல் நிறுத்தச் சொன்னார். 2016 மாடல் மஹிந்திரா தார் ஜீப், இரண்டரை லிட்டர் டீசல். கீழே இறங்கி லைட் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும், அதை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரிக்கும் முன்பின் டிஃப்ரென்ஷியலிலும் ஆயில் மட்டம், ஜாயின்ட்டுகளில் கிரீஸ், பிரேக் ஹோஸ், முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி சேஸிஸில் சரியாக இறுகியிருக்கிறதா. பேட்டரி கிளாம்ப் லேசாக ஆடியது, இறுக்கினார். சமதளத்தில் இந்த ஆட்டம் யாருக்கும் தெரியாது. வண்டி மூக்கைத் தூக்கும்போதுதான் பேட்டரி நகரும்.

அப்புறம் உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். ஜாக்கி, தண்ணீர் கேன், சாமான் பெட்டி, எதுவும் கட்டாமல் இருக்கக் கூடாது. சரிவில் அவை முதலில் போய் இடிப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மண்டையில். திரும்பவும் ஏற்றியது கொஞ்சம்தான்: இழுவைப் பட்டை, அதைக் கொக்கியில் மாட்ட இரண்டு ஷாக்கில் வளையம், கைக்கு உறை, காற்று அடிக்கும் சின்ன கம்ப்ரெஸர், மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி.

சனி, பள்ளத்தின் அடியில்

விடியும் முன்பே தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பினோம். மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம். இந்த நேரத்தில் ஜி.என்.டி. சாலை ஓட்டச் சுகமானது. செங்குன்றம் அரிசி மண்டிகளில் அப்போதுதான் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

சோழவரம் வந்ததும் சித்தப்பா கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் இருந்த ஊர் இது. அந்த ஓடுதளத்தில்தான் 1950களிலிருந்து கார், பைக் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரும் வரை சென்னையின் பந்தய மைதானம் என்றால் சோழவரம்தான். சித்தப்பா பையனாக இருந்தபோது லாரியில் தொற்றிக்கொண்டு வந்து பார்த்திருக்கிறார். கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டியதைப் பற்றி இன்றும் கண் விரியச் சொல்வார். "அது வேகத்துக்கு ஆசைப்பட்ட காலம்மா. நீ இன்னைக்குப் பண்ணப் போறது நேர் எதிரு. எவ்ளோ மெதுவாப் போறியோ அவ்ளோ நல்லது" என்றார்.

பெரியவர் வாசலில் காத்திருந்தார். மோர் கொடுத்துவிட்டு முதலில் காட்டியது பள்ளத்தின் தெற்கு மூலையில் நிற்கும் தண்ணீரை. ஆழம் தெரியாத தண்ணீர். அதைச் சுற்றி முள்வேலி போட்டுவைத்திருக்கிறார். திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த மாதிரி கைவிட்ட பள்ளங்கள் நிறைய. மழைக்காலத்தில் நிரம்பி, குளிக்க இறங்கும் பிள்ளைகளை வாங்கிவிடுகின்றன. மண் எடுத்தவர்கள் வேலி போடாமல் போய்விடுவதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பெரியவர் மண் எடுத்தவர் இல்லை, நிலத்தை அப்புறம் வாங்கியவர். இருந்தும் சொந்தச் செலவில் வேலி போட்டிருக்கிறார்.

கரை ஓரத்திலும் வண்டியை நிறுத்தக் கூடாது என்றார். மேலே கெட்டியாகத் தெரியும் விளிம்புக்கு அடியில் மண் சரிந்து பொக்கையாக இருக்கும். பள்ளத்தின் சுவரில் வரிசையாகப் பொந்துகள் இருந்தன. பஞ்சுருட்டான் குருவிகள் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுப் போன பொந்துகள். இப்போது காலி.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்தோம். இதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். "கால் வழுக்குற இடத்துல டயரும் வழுக்கும்" என்றார். கீழே முப்பதடி தூரத்துக்குத் தடம் சுமாராக ஏறுகிறது, மண்ணும் இறுக்கம். நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த ஒரு வாய்க்கால் குறுக்கே, கொஞ்சம் கோணலாகப் போகிறது. முழங்கால் ஆழம். அதைத் தாண்டியதும் ஒரு படி மாதிரி கெட்டிச் செம்பாறை. படிக்கு மேலே கடைசித் துண்டு, உதிரிச் சரளை, அங்கேதான் சரிவு அதிகம். போனை வைத்து அளந்தேன்: 28 பாகை. நூறடிக்கு 53 அடி ஏற்றம்.

இப்படி ஒரு சரிவில் வண்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரங்களுக்குப் போய்விடும். அப்படியென்றால் பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. உதிரிச் சரளை டயரைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு சக்கரம் மட்டும் முழு வண்டியையும் தள்ளினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும், சக்கரம் சுற்றத் தொடங்கும். நான்கும் பங்கு போட்டுக்கொண்டால் எல்லைக்குள் நிற்கலாம். கம்மியாக எடை இருந்தாலும் முன்சக்கரங்கள் தங்கள் பங்குக்கு இழுத்தாக வேண்டும். ஃபோர் வீல் டிரைவின் பயன் முழுக்க இந்தக் கடைசித் துண்டில் தெரிகிறது.

டயரில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினோம். தளர்ந்த டயர் தரையோடு நீளமாகப் படியும், சின்னக் கல்லை மேலே தூக்கிப் போகாமல் தன்மேல் உள்வாங்கிக்கொள்ளும். இதற்கும் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லீவரை ஃபோர் லோவுக்கு, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலைக்குத் தள்ளினேன். இதை மண்ணுக்கு வந்த பிறகுதான் செய்யவேண்டும். தார்ச்சாலைத் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றி வருகின்றன. இரண்டு அச்சும் சேர்ந்து பூட்டியிருந்தால் அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளை முறுக்கும். மண்ணில் டயர் லேசாக வழுக்கி அந்த முறுக்கத்தை விட்டுவிடும், தார்ச்சாலையில் விடாது.

ஃபோர் லோவில் இன்ஜினின் இழுவை இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது, வேகம் அதே அளவு குறைகிறது. முதல் கியரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி நடக்கிற வேகத்தில் நகரும். கிளட்சில் கால் வைக்கவே கூடாது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வளையத்துக்கு வெளியே இருக்கவேண்டும். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் சுண்டித் திரும்பும், உள்ளே விட்ட விரல் போய்விடும்.

சித்தப்பா மேலே நின்று சைகை காட்டினார். நாங்கள் பேசிவைத்த பாஷை லாரிக்காரர்களுடையது. லெஃப்ட், ரைட் கிடையாது. "டிரைவர் சைடு ஒடி", "கிளீனர் சைடு ஒடி". நிறுத்த "ஓல்டான்". பஸ்ஸில் போகலாம் என்பதற்குச் சொல்லும் "ரைட்" இங்கே வேண்டாம், குழப்பும். போகலாம் என்றால் "வா" மட்டும். ஒரு ஆள் மட்டும்தான் சொல்லவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பெரியவர் ஆர்வத்தில் குரல் கொடுத்தபோது, "அண்ணே, நீங்க பார்த்துட்டு மட்டும் இருங்க" என்று அடக்கிவிட்டார்.

முதலில் வாய்க்கால் வரை ஏறி நிறுத்திவிட்டுப் பின்னால் இறங்குவது என்று முடிவு. ஏறத் தெரிவதற்கு முன் இறங்கத் தெரியவேண்டும் என்பது சித்தப்பாவின் விதி, எனக்கும் அதில் முழுச் சம்மதம். ஏற்றத்தில் வண்டி நின்றால் பிரேக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சை முழுக்க விட்டு, அதற்கப்புறம்தான் பிரேக்கை மெதுவாக விடவேண்டும். இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். நியூட்ரலில் உருளவிட்டால் கதை முடிந்தது. அதைவிட மோசம், பயத்தில் திருப்பிவிடலாம் என்று ஸ்டீயரிங்கை ஒடிப்பது. சரிவுக்குக் குறுக்கே நின்ற வண்டி உருளும். இந்த மண்ணில் நடக்கும் பெரிய விபத்து எல்லாம் இப்படித்தான். கண்ணாடியில் பார்த்து நேர்க்கோட்டில் இறங்கினேன். திரும்பத் திரும்ப இறங்கினேன், முதுகு கண்ணாகும் வரை.

அதற்கப்புறம் முழு ஏற்றம். வாய்க்காலை நேராகத் தாண்டினால் முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்து மூக்கு இடிக்கும். அதனால் லேசான கோணத்தில், ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் என்று இறக்கினோம். முன்னால் கிளீனர் சைடு சக்கரம் அந்தரத்தில் நின்றது. பின்னால் டிரைவர் சைடு சக்கரம் ஒரு நொடி சும்மா சுற்றியது. அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பின் அச்சில் இருக்கும் லாக் தானாகப் பூட்டிக்கொண்ட சத்தம் அது. ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். பிடிப்பு இருந்த சக்கரத்துக்கு இழுவை வந்தது, வண்டி படியின் மேல் நிதானமாக ஏறிவிட்டது. கடைசித் துண்டில் கண்ணாடி வழியாக வானம் மட்டும்தான் தெரிந்தது, அப்புறம் சித்தப்பாவின் கை. "வா… வா… அப்படியே வா… மிதிக்காதே… வா." கால் அசையவில்லை. சரளை டயருக்கடியில் நொறுங்குவது தனித்தனியாகக் கேட்டது.

மேலே வந்து நின்றபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நான் கதவைத் திறந்து சித்தப்பாவைக் கட்டிக்கொண்டேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு நெடுஞ்சாலையில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஞாயிறு, ஈரத்தில்

ராத்திரி இடியோடு ஒரு மழை. ஆடியில் சென்னைக்கு இப்படி வரும், ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும்.

பெரியபாளையம் சாலையில் இன்று வண்டி நகரவே இல்லை. ஆடி ஞாயிறு, பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம். டெம்போ, ஷேர் ஆட்டோ, பைக், நடந்து போகிறவர்கள், மஞ்சள் சேலை, கையில் வேப்பிலைக் கொத்து. ஒரு திருப்பத்தில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இறங்கி வாங்கிக் குடித்தோம். வெங்காயமும் முருங்கைக்கீரையும் தொட்டுக்கொண்டு கேழ்வரகுக் கூழ். வேறெதுவும் தேவைப்படவில்லை.

பள்ளத்தில் பெரியவரின் பேரன் இரண்டு நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தான். ஒருவன் பழைய மாருதி ஜிப்ஸி கொண்டுவந்திருந்தான். சின்ன வண்டி, எடை குறைவு, நல்ல வண்டி. ஆனால் மண் நனைந்திருந்தது. இந்தச் செம்மண் கிராவலில் கல்லோடு களிமண்ணும் கலந்திருக்கிறது. காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடிக்கும். நனைந்தால் கல்லின் மேல் களி பூசிக்கொள்ளும், டயரின் கட்டங்களையும் அடைத்துவிடும். சித்தப்பா தடத்தில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறட்டும். பதினோரு மணிக்குப் பார்க்கலாம்" என்றார். அந்தத் தம்பிகளுக்கு மதியம் வேறு வேலை. ஜிப்ஸி கீழிருந்து வேகம் எடுத்துப் போனது.

வாய்க்காலில் துள்ளி விழுந்து, பின்சக்கரம் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. அவன் மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டியது. சித்தப்பா, "ஓல்டான்! மிதிக்காதப்பா, இறங்கு" என்று கத்தினார். யாருக்கும் அடியில்லை. வண்டி லேசாகச் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாய்வோடு அவசரப்பட்டால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

டிப்பர் பாதை வழியாக என் வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய்க் கரை மேலே, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தினேன். சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தோம். பட்டையின் இரண்டு முனையையும் ஷாக்கிலால் சேஸிஸ் கொக்கியில் மட்டும் மாட்டினோம். பம்பரிலோ டிரெய்லர் கோக்கும் இரும்புக் குண்டிலோ மாட்டக் கூடாது. அவை பிய்ந்தால் பட்டையோடு பறந்து வரும், ஆளைக் கொல்லும். பட்டையின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார் சித்தப்பா. அறுந்தால் அந்த எடை அதைக் கீழே அமுக்கும். பையன்கள் எல்லோரையும் பட்டையின் நீளத்துக்கும் அதிகமாகத் தள்ளி நிற்கவைத்தார். சுண்டி இழுக்கும் வேலையே இல்லை. கல்லை எடுத்துவிட்டு, பட்டை இறுகும் வரை மெதுவாக நகர்ந்தேன். இறுகியதும் ஜிப்ஸியும் ஃபோர் லோவில், முதல் கியரில், என்னோடு சேர்ந்து ஏறியது. இரண்டு வண்டியும் ஒன்றாக நகர்ந்தன. மேலே வந்ததும் அந்தத் தம்பி சித்தப்பாவிடம் வந்து, "தாத்தா, நீங்க எந்த வண்டி ஓட்டுனீங்க?" என்று கேட்டான். சித்தப்பா அரை மணி நேரம் அவனுக்கு டிரெய்லரைப் பற்றிச் சொன்னார். அந்தப் பேச்சை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன், எழுதியே ஆகவேண்டும்.

பதினொன்றரைக்குத் தடம் காய்ந்திருந்தது. ஆனால் ஜிப்ஸி தோண்டிய குழி இருக்கும்போது அதே கோட்டில் போவது சரியில்லை. குழியைக் கல் போட்டு நிரப்பி மிதித்தோம். சக்கரத்தைச் சுற்றவிட்டால் தடம் கெடுகிறது என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் குழியைப் பிடித்துக்கொண்டு இறங்கும், வாய்க்கால் ஆழமாகும், ஒரு பருவம் போனால் கரையே அறுந்துவிடும். பள்ளத்தின் சுவர் இடிந்தால் பெரியவரின் பனைமரங்கள் இரண்டு கீழே போகும்.

நேற்றையதைவிட ஒரு டயர் அகலம் டிரைவர் சைடு தள்ளி ஏறினேன். பூட்டு விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எந்தச் சக்கரமும் சுற்றவே இல்லை. சித்தப்பா இந்த முறை பாதி தூரத்துக்கு மேல் எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

இறங்குவதும் அதே தடத்தில். முதல் கியர், இரண்டு காலும் பெடலை விட்டு வெளியே. வண்டி தானாக நடந்து இறங்கும். பின்பக்கம் ஒதுங்குவது போல் தோன்றினால் பிரேக் பிடிக்கக் கூடாது. லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சக்கரம் மறுபடி உருளத் தொடங்கி நேராகிவிடும். உடம்பு இதை நம்ப மறுக்கும். ஒருமுறை நம்பிவிட்டால் போதும்.

தார்ச்சாலை ஏறும் முன் டயருக்குக் காற்று அடித்து, லீவரைப் பழையபடி டூ வீலுக்கு மாற்றினேன். பெரியவர் பனம்பழம் இரண்டு கொடுத்தார். வண்டி முழுக்க அந்த வாசனை.

செவ்வாய், கொடுங்கையூர்

ஷெட்டில் அடிப்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவினோம். ரிம்முக்குள் ஒட்டிய செம்மண் காய்ந்தால் சக்கரம் நெடுஞ்சாலையில் ஆடும். ரேடியேட்டர் இடுக்கு, பிரேக் டிரம், ஷாஃப்ட் ஜாயின்ட் என்று பார்த்து, கிரீஸ் அடித்தோம். பின் டயரில் சீமைக்கருவேல முள் ஒன்று, காற்று இன்னும் இறங்கவில்லை, பிடுங்கி ஒட்டியாகிவிட்டது. டிஃப்ரென்ஷியல் ஆயில் சுத்தமாக இருக்கிறது.

சித்தப்பா பெரியவரோடு போனில் பேசிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்காலுக்கு அரை லோடு உடைந்த செங்கல் போட்டு, தண்ணீர் பக்கவாட்டில் வடிய ஒரு சின்ன வரப்பு கட்டவேண்டும். பக்கத்துச் சூளையிலேயே உடைசல் கிடைக்குமாம், ஏற்றிப்போகும் கூலி மட்டும். ஜிப்ஸித் தம்பிகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலை ஆவணி முதல் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு.